மாமாவின் காரும் திகாம் பத்து பிக்கப்பும்

அன்புள்ள மாலா,

இன்று காலை நீ "சரிம்மா" என்றாய். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. யாழினியின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சரிம்மா, மாமா காரையே எடுத்துக்கறேன். திகாம் பத்து ஊரு வண்டிக் கடைக்காரருக்கு சனிக்கிழம போன் பண்ணி பிக்கப்பு வேணாம்னு சொல்லிடறேன்" என்றாய். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். இத்தனை மாதமாக நான் கெஞ்சியது, அழுதது, சாப்பிடமாட்டேன் என்று படுத்துக் கிடந்தது எல்லாமே இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கேட்டது கிடைத்துவிட்டது. நான் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. கல்லில் ஊற்றிய தோசை கருகி வீடெல்லாம் புகை கிளம்பும் வரை அப்படியே நின்றேன். ஏன் என்றால், நீ "சரிம்மா" என்ற குரல் எனக்குத் தெரிந்த குரல். மாப்பிள்ளையின் உடலை எடுத்துப் போக ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டார்களே, அப்போது "எங்க போடணும்?" என்று கேட்டாய். அதே குரல்.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் வண்டிப் பேச்சை எடுத்தாலே நமக்குள் சண்டை. நான் ஆரம்பித்தால் நீ எழுந்து துணி காயப்போடப் போய்விடுகிறாய், நீ ஆரம்பித்தால் நான் அழுதுவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ மத்தியானம் வந்து இதைப் படிக்கும்போது நான் யாழினியை அழைத்துவரப் பள்ளிக்குப் போயிருப்பேன். படித்து முடிக்கும் வரை எனக்குப் போன் பண்ணாதே.

மாப்பிள்ளை போன நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. நான் அப்போது யாழினிக்குக் காய்ச்சல் என்று பாடாங் மேஹாவிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருந்தேன். செர்டாங் குன்றுப் பக்கம் சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் எண்ணெய்க்குச் செம்பனை வைத்திருப்பவர்களிடம் லாரி போகாது, மாப்பிள்ளையின் பிக்கப்தான் போகும், அவர்களுடைய குலைகளை ஏற்றிக் கீழே பழம் வாங்கும் நிலையத்துக்குக் கொண்டுவருவதுதான் அவர் தொழில் என்று நீ எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாய். மாசச் சம்பளக்காரனாகப் பார்க்கலாமே என்று அப்போது முணுமுணுத்தேன். அப்புறம் அவர் குணத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீ பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. மேலே நிலம் வைத்திருக்கும் பாக் ஹாமிட். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் மாப்பிள்ளையின் தொப்பி. அந்தக் கிழவர் வாயைத் திறந்தார், மூடினார், "குமார்..." என்றார், அதற்கு மேல் வரவில்லை. நீ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போடவில்லை. மெதுவாக மேசையில் வைத்தாய். ஸ்பூனைத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தாய். அதற்குப் பிறகுதான் ஓடினாய்.

மறுபடி மழை வருவதற்குள் பாக் ஹாமிட்டின் கடைசிக் குலைகளையும் இறக்கிவிடலாம் என்று பக்கப் பலகைக்கு மேலே ஏற்றியிருக்கிறார். வளைவில் மண் வழுக்கியிருக்கிறது. பாரம் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. வண்டி பள்ளத்தில் கிடந்ததை நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். அந்தச் சரிவு முழுக்கச் செம்பனைப் பழம் சிதறிக் கிடந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இருந்தது. அவ்வளவுதான்.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. குன்றுக்கு மேலே இருக்கிறவர்கள். மலாய்க்காரர்கள், நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர். பழம் எடுக்க ஆள் இல்லை, லாரிக்காரன் வரமாட்டேன் என்கிறான், வேறு பிக்கப்காரன் நினைத்தால் வருகிறான், இல்லையென்றால் வருவதில்லை, குலை மரத்தடியிலேயே அழுகுகிறது. "நீங்க வர முடியுமா?" என்று உன்னைக் கேட்டார்கள். அவரோடு நீயும் போய்வந்தவள்தானே, அவருக்கு உடம்பு முடியாத நாளில் நீயே ஓட்டிக்கொண்டு இறங்கியவள்தானே. ஒரு போனை நான்தான் எடுத்தேன். "எம் மகள இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்தேன். அடுத்த நாளே நீ ஒரு பழைய பிக்கப் வாங்கப்போகிறேன் என்றாய். "புருஷன தின்ன வண்டியிலயே நீயும் ஏறப்போறியா?" என்று கத்தினேன். பிள்ளை பயந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "அவரு அன்னிக்கு அளவுக்கு மேல ஏத்துனாரும்மா, நான் ஏத்தமாட்டேன்" என்றாய் நீ. இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அது லேசான வார்த்தை இல்லை என்று இப்போது தெரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் சுங்கை பட்டாணியிலிருந்து என் தம்பி வந்தான். உன் மாமா நல்ல மனசுக்காரன், அதை நீயும் மறுக்கமாட்டாய். கால்முட்டி ஆப்பரேஷனுக்குப் பிறகு அவனால் ஓட்ட முடியவில்லை, அவனுடைய எஸ்யூவி கார் வாசலில் சும்மா நின்றது. "அக்கா, காடி என்கிட்ட தூசி புடிச்சுக் கெடக்கு. மாலா எடுத்துக்கட்டும். கூலிம்ல பேக்டரி ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஓட்டட்டும், போன்லயே கஸ்டமர் வந்துடும் லா. பணத்தப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்றான். உன்னைப் பார்த்து, "பிக்கப்பு ஆம்பள வண்டிம்மா, ஒனக்கு எதுக்கு?" என்றும் சொன்னான். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாய்.

பொய் சொல்லமாட்டேன், எனக்கு அந்தக் கார் பிடித்திருந்தது. ஏறும்போது முட்டி வலிக்கவில்லை. உயரமாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம். பின்னால் எடுக்கும்போது பின்னால் இருப்பது முன்னால் திரையில் தெரிகிறது. மோதினால் காற்றுப் பை விரிந்து முகத்தைத் தாங்குமாம், ஒன்றல்ல, சுற்றிலும் இருக்கிறதாம். தம்பி சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை வண்டியில் இதெல்லாம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். யாழினி அந்தக் குளுகுளு காற்றில் ஏறின உடனே தூங்கிவிடும். நீ விடிந்ததும் கிளம்பி, கூலிமில் சிப்ட் முடிந்து வருகிற பெண்களை ஏற்றி இறக்கி, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மறுபடி ஓட்டி, இரவு சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய். சேறு இல்லை, முள் குத்தவில்லை. இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும் என்றுதான் இருந்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை. பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார்: "யாழினியக் கூப்பிட யாரும் வரலையே, பாட்டி." உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்குள் என் மனசு எங்கெங்கோ போய்விட்டது. செருப்புப் போடாமல் கேட் வரைக்கும் போய் நின்றுகொண்டு அடித்தேன். கடைசியில் எடுத்தாய். "எங்கடி இருக்க?" என்றேன். "ஆஸ்பத்திரி கார் பார்க்கில" என்றாய். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒருத்தரக் கொண்டாந்து எறக்குனேன். அப்புறம் ஸ்டார்ட் பண்ணத் தோணல." பக்கத்து வீட்டுப் பையனை மோட்டாரில் அனுப்பிப் பிள்ளையை அழைத்துவரச் சொன்னேன். நீ மாலையில் வந்தாய். மாப்பிள்ளையைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி. அதே வாசல். யாரோ ஒரு பெரியவரை அங்கே இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏர்கான் ஓட ஓடக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாய். காரில் ஏதாவது கோளாறா என்று தம்பிக்காக நான் கேட்டேன். நீ சொன்னாய்: "காடி ரொம்ப நல்லா இருக்கும்மா. உள்ள சத்தமே கேக்கல. அதான்."

அந்த "அதான்" எனக்கு அன்று புரியவில்லை. களைப்பு, ஒருநாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீயோ மறுநாளே திகாம் பத்து கடைக்கு வண்டி பார்க்கப் போகிறேன் என்றாய். தனியாக விடக்கூடாது என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அந்தக் கடையில் நான் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் முகம் சுடுகிறது. ஆனால் அதற்கு முன் நீ செய்ததை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நான் கவனித்தேன் என்று உனக்குத் தெரியாது. கடைக்காரச் சீனர் முதலில் உன்னைப் பார்த்துவிட்டு, பின்னால் வேறு யாராவது ஆண் வருகிறாரா என்று பார்த்தார். நீ அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே நின்ற ஒரு சாம்பல் நிற பிக்கப்பின் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அடியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தாய். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி விற்பார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ மறந்துவிடுவார்கள் என்று எனக்குச் சொன்னாய். தரையில் அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தாய். துருவைச் சுரண்டினாய். ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டிப் பார்த்தாய். முன்பு எதை ஏற்றினார்கள், எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டாய். கடைக்காரர் மெதுவாக உன்னோடு குனிந்து பேச ஆரம்பித்தார். நாலு சக்கரத்துக்கும் பலம் போகிற கியரைப் போட்டால், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், மாப்பிள்ளையின் வண்டியில் அது வேலை செய்யவில்லை என்று நீ அவரிடம் சொன்னாய். என் பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, சாவியைத் திருப்பினாய். அந்த இஞ்சின் உறுமியது. மாப்பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கேட்குமே, அதே உறுமல். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. போய் வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் கொதிக்கிற சிமெண்டுத் தரை. புடவை விலகியதுகூடத் தெரியவில்லை. "என் மேல ஏத்திட்டுப் போ!" என்று கத்தினேன். வேலையாட்கள் எல்லாரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் ஓடிவந்து, "ஆன்ட்டி, பாங்குன் லா ஆன்ட்டி, பானாஸ் நி" என்று எழுந்திருக்கச் சொன்னார், சுடுகிறது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நீ இஞ்சினை அணைத்தாய். இறங்கினாய். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ என் பக்கத்தில் அதே தரையில் வந்து உட்கார்ந்தாய். கடைக்காரர் பாவம், ஆளுக்கொரு தண்ணீர் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்போது நீ கேட்டாய்: "இந்த மாதிரி எத்தன வண்டிக்கு முன்னாலம்மா உக்காருவ?" கடைக்காரரிடம், அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் யோசித்துச் சொல்கிறேன் என்றாய். அவர் சரி என்றார்.

மாலா, நான் ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவும் எனக்கு வயதாகும் முன்பே போனவர். அவர் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர், மாரடைப்பில் போனார், வண்டி அவரைக் கொல்லவில்லை. ஆனாலும் அவர் ஓட்டிய பக்கம் போய் வேலை செய்ய எனக்கு முடியவில்லை. மேனேஜரிடம் கேட்டு வேறு டிவிஷனுக்கு மாற்றிக்கொண்டு போனேன். புது இடம், புது ஆட்கள், அவரைத் தெரியாதவர்கள். அங்கே எனக்குப் புருஷன் இருந்ததே யாருக்கும் தெரியாது. நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பென்று சொல்லவில்லை, அப்படித்தான் உன்னை வளர்த்து ஆளாக்கினேன். அந்த வழிதான் எனக்குத் தெரிந்த வழி. அதனால் உன்னையும் அதே வழியில் இழுத்தேன். குன்றுப் பக்கம் போகாதே, கூலிமுக்குப் போ, அவரைத் தெரியாதவர்களை ஏற்றி இறக்கு, மறந்துவிடுவாய் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை பாக் ஹாமிட் வீட்டில் கெந்தூரி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். நீ போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, ஆனால் அந்தக் கிழவர் அன்றைக்குத் தொப்பியைக் கொண்டுவந்தவர், மறுக்க முடியவில்லை. மாமா காரில்தான் போனோம். தார்ச் சடக்கு இருக்கும் வரை கார் பல்லக்கு மாதிரி போனது. மண் சடக்கு ஆரம்பிக்கும் ஏற்றத்தில், முந்தின நாள் மழை ஈரத்தில், சக்கரம் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே நின்றது. நீ அவசரப்படவில்லை. மெதுவாகப் பின்னால் எடுத்து, ஓரத்தில் கெட்டியான இடத்தில் நிறுத்தினாய். "நடக்கலாம்மா" என்றாய். யாழினியை முதுகில் தூக்கிக்கொண்டாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி ஏறினேன்.

அந்த வளைவு வந்தது. நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, பள்ளத்தில் செடியெல்லாம் ஒரு பக்கமாக முறிந்து புதிதாகத் துளிர்த்திருந்தது. நீ நின்றாய். நான் உன் கையை இறுக்கிப் பிடித்தேன். இங்கேயே விழுந்து அழப்போகிறாய், உன்னை எப்படி எழுப்பிக்கொண்டு போவது என்று பயந்தேன். யாழினி உன் தோளிலிருந்து, "அப்பா இங்கதான் விழுந்தாங்களா?" என்று கேட்டது. "ஆமாண்டா" என்றாய். "ரொம்ப ஒசரமா?" "இல்லடா. அவ்ளோ ஒசரம் இல்ல." பிறகு நடந்தாய். அவ்வளவுதான். இத்தனை மாதமாக அந்தப் பிள்ளையிடம் நான் "அப்பா சாமிகிட்ட இருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரே வார்த்தையில் அதற்குப் பதில் சொல்லிவிட்டாய். பிள்ளையும் பயப்படவில்லை.

மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது குலைகள்தான். வழியோரம் குவித்துக் குவித்து வைத்திருந்தார்கள். எடுக்க ஆள் வராமல் சில குவியல் கறுத்து, வண்டு மொய்த்துக் கிடந்தது. நாற்றம். அதைத் தாண்டி பாக் ஹாமிட் வீட்டு வாசல் வந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பினி குமார் டா சம்பாய்!" என்று சத்தம் போட்டார். குமாருடைய மனைவி வந்துவிட்டாள். அதைக் கேட்டதும் வீட்டுக்குள்ளேயிருந்தும் பந்தலுக்குள்ளேயிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பினி குமார், பினி குமார் என்று. உன் கையைப் பிடித்தார்கள். யாழினியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் மாப்பிள்ளை சேற்றில் மாட்டிய ஆட்டைத் தூக்கிவந்த கதையைச் சொன்னார். ஆடு அவர் சட்டையைத் தின்றதாம், அவர் அந்தக் கிழிந்த சட்டையோடே அன்று முழுக்கப் பழம் ஏற்றினாராம். நீ சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாய். அவர் போன பிறகு நீ சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய்ச் சோறு உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு சந்தோஷம் வரவில்லை மாலா. பயம்தான் வந்தது. இந்தக் குன்று இவளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பயந்தேன்.

இறங்கி வரும்போது நீயாகவே பேசினாய். "கூலிம்ல என்னய எல்லாரும் மலாய்ல காக்கா, அக்கான்னு கூப்பிடறாங்கம்மா. நல்லாத்தான் பேசறாங்க. எறங்குனதும் மறந்துடறாங்க. இங்க வந்தாதான் அவரு பொண்டாட்டி நான்." வீட்டுக்கு வந்து மூன்று நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். நான் செத்த பிறகு என்ன வண்டி வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்றேன். யாழினி காதில் விழும்படி சொன்னேன். இன்று காலை நீ "சரிம்மா" என்றாய்.

நீ போன பிறகு கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டே யோசித்தேன். இனி நீ மாமா காரை ஓட்டுவாய். ஒழுங்காக ஓட்டுவாய். நேரத்துக்கு வருவாய். நான் போட்டதைச் சாப்பிடுவாய். என்றைக்காவது ஒருநாள் மறுபடியும் எங்கேயோ நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் பண்ணத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பாய். அன்றைக்கு நான் போன் அடித்து நீ எடுக்காவிட்டால்? பிக்கப்பில் போனால் உன்னைப் பள்ளத்தில் தேட வேண்டியிருக்கும் என்று பயந்தேன். காரில் போனால் உன்னை எங்கே தேடுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஒரே பயம்தான். இரண்டு பக்கமும் பயம் என்றால், நீ சிரித்த பக்கமாவது போகட்டும். இந்த இடத்தில் எழுத்து கோணுகிறது, அடிக்காமல் விடுகிறேன்.

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன போன் நம்பர் அட்டையைப் பார்த்துத் திகாம் பத்து கடைக்காரருக்கு நானே போன் போட்டேன். யார் என்று கேட்டார். தரையில் உட்கார்ந்த ஆன்ட்டி என்றேன். சிரித்தார். யாரோ ஒருவர் அந்த வண்டியைக் கேட்டுப் போயிருக்கிறாராம். "யாருக்கும் குடுக்காதீங்க, எம் மக சனிக்கிழம வருவா" என்று நான் தமிழும் மலாயுமாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. "ஆன்ட்டி ஓக்கேயா?" என்று கேட்டார். ஓக்கே இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அக்கா, ஒனக்குப் பைத்தியமா?" என்றான். இருக்கலாம் என்றேன். அவன் கோபம் இரண்டு நாளில் போய்விடும், காரை நீ கழுவித் துடைத்துக் கொண்டுபோய் விடு, சாவியை அவன் கையில் கொடுத்து நன்றி சொல்.

இப்போது நான் கெஞ்சுவதைக் கேள். வாங்குவதற்கு முன் பிரேக்கையும் அந்தக் கியரையும் வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டு, கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், இருந்தாலும் காட்டு. டயரைப் பழசோடு எடுக்காதே. பக்கப் பலகைக்கு மேலே ஒரு குலைகூட வைக்காதே. பாக் ஹாமிட் கேட்பார், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்பார், நாளைக்கு அழுகிவிடும் என்பார். அழுகட்டும். மழை பெய்தால் அன்றைக்கு இறங்காதே, மேலேயே யார் வீட்டிலாவது இருந்துகொள், எனக்குச் சொல், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உள்சடக்குதானே என்று பெல்ட்டைக் கழற்றாதே. ஏற்றி இறக்க ஆள் வைத்துக்கொள், எல்லாவற்றையும் நீயே தூக்கி இடுப்பை உடைத்துக்கொள்ளாதே. யாழினியை விருந்துக்குக் கூட்டிப்போ, பாரத்தோடு இறங்கும்போது மட்டும் கூட்டிவராதே. இதில் ஒன்றையாவது நீ மறந்தால் எனக்கு அது எப்படியும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள். தெரியாதுதான். நினைத்துக்கொள்.

நான் தைரியமாகிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன். சனிக்கிழமை அதை நீ ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தும்போது வெளியே வந்து பார்க்க என்னால் முடியாது. ஆரத்தி எடுக்க, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள். ஒன்றே ஒன்று செய். தினமும் சாயங்காலம் இறங்கி வரும்போது, நம் சந்து முனையில் திரும்பும் இடத்தில், ஹாரன் அடி. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், பலமாக அடி. நான் ஓடிவந்து கேட்டைத் திறக்கமாட்டேன், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கமாட்டேன், அழமாட்டேன். அடுப்படியிலேயே நின்றுகொள்வேன். அது கேட்ட பிறகுதான் சோற்றுக்கு உலை வைப்பேன்.

உன் அம்மா